அயோவா வளாகம்: ஆற்றங்கரையில் கலை, மேட்டில் விளையாட்டு

கேள்வி, 2025 மார்ச் 4

மகனுக்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சுற்றிக் காட்டினவர்கள் வகுப்பறையைவிட மல்யுத்தக் கூடத்தையும் கச்சேரி அரங்கத்தையும்தான் அதிகம் காட்டினார்களாம். எல்லாம் பளபளவென்று புதுசு என்கிறான். நாம் கட்டுகிற ஃபீஸ் இதற்குத்தான் போகிறதா? படிக்கப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? அந்த ஊரில் இருக்கிற அக்கா யாராவது பதில் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

தம்பி, ஃபீஸ் விஷயத்துக்கு மட்டும் இப்போது பதில். இவை எதுவும் ஒரே பையிலிருந்து கட்டப்படவில்லை. அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற கின்னிக் ஸ்டேடியத்தின் வடக்குப் பக்கத்தைப் புதுப்பித்து 2019இல் முடித்தார்கள், சுமார் 8.9 கோடி டாலர். அது விளையாட்டுத் துறையின் பணம்: டிக்கெட், பிக் டென் என்கிற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் தொலைக்காட்சி வருமானம், நன்கொடை. மகன் பார்த்த கச்சேரி அரங்கமான ஹான்ச்சர் சுமார் 17.6 கோடி. அதில் மத்திய அரசின் பேரிடர் நிவாரணத் துறையான ஃபீமாவின் பணம் இருக்கிறது. மகன் கட்டுகிற கட்டணத்திலிருந்து நேராகப் பங்கு போவது பர்லிங்டன் தெருவில் இருக்கிற உடற்பயிற்சி மையத்துக்குத்தான். நீச்சல்குளமும் அதற்குள்தான். அங்கே அவன் தினமும் போகலாம், போகச் சொல்லுங்கள்.

"எதற்கு" என்பதற்குப் பதில் நீளம். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 5, காலை

எல்லாம் ஏன் இத்தனை புதுசு என்றால், பழசை ஆறு கொண்டுபோய்விட்டது.

நான் 2006இல் இங்கே படிக்க வந்தேன். அப்போது அயோவா ஆற்றின் மேற்குக் கரை முழுக்கக் கலைக்குத்தான். 1936இல் கட்டிய நாடகக் கட்டடம், அதே வருஷத்து ஓவியப் பள்ளி, 1969இல் வந்த அருங்காட்சியகம், 1972இல் திறந்த 2,500 இருக்கை ஹான்ச்சர் அரங்கம், அதை ஒட்டி இசைப் பள்ளி. வெளியே வந்தால் புல், புல்லைத் தாண்டினால் தண்ணீர். விளையாட்டு முழுக்க மேட்டில்: கின்னிக் ஸ்டேடியம், ஃபீல்ட் ஹவுஸ் என்கிற பழைய உள்விளையாட்டுக் கூடம், கூடைப்பந்தும் மல்யுத்தமும் நடக்கிற கார்வர்-ஹாக்ஐ அரங்கம். ஊருக்கு மேலே கோரல்வில் அணை 1958இலிருந்து இருக்கிறது. அணை இருக்கிற தைரியத்தில் கரையோரம் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

1993இல் அந்த அணை மறுகால் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கீழே இருந்த மண் அரித்துப்போய், சுமார் 37.5 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் தரை வெளியே வந்தது. இப்போதும் போய்ப் பார்க்கலாம், பாறை முழுக்கக் கல்லாகிப்போன பவளம். ஊரே போய் அதிசயித்துவிட்டு வந்தது. கலைக் கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

2008 ஜூன் 10 அன்று மறுபடி மறுகால். இந்த ஊரில் ஆறு 22 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. 15ஆம் தேதி 31.53 அடி. அந்த வாரம் நாங்கள் நூலகப் படிக்கட்டில் வரிசையாக நின்று, அடித்தளத்தில் இருந்த புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினோம். எனக்கு முன்னால் தலை நரைத்த பேராசிரியர், பின்னால் பள்ளிக்கூடப் பையன். வெளியே மணல் மூட்டை கட்டுகிறவர்கள். யாரும் யாருடைய துறையையும் கேட்கவில்லை. அந்தப் புத்தகங்களைக் காப்பாற்றிவிட்டோம். ஆற்றங்கரைக் கலைக் கட்டடங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குள் தண்ணீர். ஹான்ச்சரின் மேடை வரை வந்தது. கடைசியில் 2013இல் அதை இடித்தார்கள்.

ஆகவே உங்கள் மகன் பார்த்த "பளபள" எல்லாம் பிழைத்து எழுந்த பளபள. இன்றைக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 5, இரவு

ஓவியப் பள்ளிப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடைக்குப் போனார்கள். ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரம், பலகையும் பெயின்ட்டும் குளியலறைச் சாமானும் விற்ற பழைய மெனார்ட்ஸ் கடை ஒன்று காலியாகக் கிடந்தது. சிற்பம், பானை, உலோக வேலை எல்லாம் அதற்குள் போனது. தற்காலிகம் என்றுதான் பேச்சு. புதுக் கட்டடம் திறந்தது 2016இல். நடுவில் சேர்ந்து நடுவிலேயே பட்டம் வாங்கிப் போன பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் கல்லூரி என்றால் அந்தக் கடைதான்.

என் அறைத்தோழி பானை வனைகிறவள். அவள் புலம்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கோ அந்தக் கடை பிடித்துப்போனது. சாமான் இறக்குகிற பெரிய கதவு இருந்ததால் லாரியிலிருந்து களிமண் மூட்டை நேராக உள்ளே வந்தது. கூரை உயரம். தரை பாழாகிறதே என்று கத்த ஆள் இல்லை. இரண்டே குறை. ஜன்னல் கிடையாது, பகலா ராத்திரியா தெரியாது. இன்னொன்று, வேறு துறைப் பிள்ளை ஒருவர்கூட வழியில் எட்டிப் பார்ப்பதில்லை. பஸ் பிடித்து ஊருக்கு வெளியே வந்து யார் பானை பார்ப்பார்கள்? படிப்பு முடியும்போது அவள் சொன்னாள்: "கையில் வேலை கற்றுக்கொண்டேன், ஆனால் ஒருத்தருக்கும் காட்டவில்லை."

2016இல் திறந்த கட்டடம் ஸ்டீவன் ஹால் என்கிற கட்டடக் கலைஞர் வரைந்தது. ஏழு இடங்களில் மேலிருந்து கீழ்வரை கட்டடத்தைக் குடைந்து வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கிறார். தளங்களின் கான்கிரீட்டுக்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பந்துகளை வைத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். நடுவில் வளைந்து ஏறுகிற படிக்கட்டு, அங்கங்கே உட்கார இடம், போகிற வருகிறவர் எல்லாம் கண்ணாடி வழியே பட்டறைகளைப் பார்க்கலாம். தோழி ஒருமுறை வந்தபோது கூட்டிப்போனேன். நிறைய நேரம் படிக்கட்டில் நின்றாள். பிறகு, "களிமண் லாரி எங்கே வந்து நிற்கும்?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்துத் திருப்தியானாள். கட்டடத்தை மதிப்பிட அவளைப் போன்ற ஆள்தான் வேண்டும்.

மார்ச் 6

முந்தைய குறிப்பில் விட்டுப்போனது. பக்கத்திலேயே ஸ்டீவன் ஹால் வரைந்த இன்னொரு கலைக் கட்டடம் இருக்கிறது, 2006இல் திறந்தது. பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக் குட்டையின் மேல் துருநிற எஃகில் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் வந்த வருஷம் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இரண்டே வருஷத்தில் தண்ணீர் புகுந்தது. 2012இல்தான் மறுபடி திறந்தார்கள். அதே மனிதரை அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்டக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மார்ச் 8

"எல்லாம் ஃபீமா கட்டிக்கொடுத்தது, பல்கலைக்கழகத்துக்கு லாட்டரி" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, அண்ணா. ஃபீமாவுக்கு ஒரு கணக்கு உண்டு. பழுதுபார்க்க ஆகிற செலவு, புதிதாகக் கட்டுகிற செலவில் பாதியைத் தாண்டினால்தான் புதுக் கட்டடத்துக்குப் பணம். ஹான்ச்சரும் இசைப் பள்ளியும் அந்தக் கோட்டைத் தாண்டின. அருங்காட்சியகம் தாண்டவில்லை. சேதம் போதவில்லை! பழுதுபார்த்துக்கொள் என்றார்கள். ஆனால் அந்த இடத்தில் மறுபடி ஓவியங்களை வைத்தால் காப்பீடு தர மாட்டோம் என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டடம் நிற்கிறது, உள்ளே படம் மாட்ட முடியாது.

அந்தப் படங்களில் ஒன்று அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக்கின் 'மியூரல்'. 1943இல் கலைப் புரவலர் பெகி குகன்ஹைம் தன் நியூயார்க் வீட்டு வாசல் கூடத்துக்காக வரையச் சொன்னது. 8 அடி உயரம், 20 அடி நீளம். 1951இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சும்மா கொடுத்தார். சோளக்காட்டு நடுவில் இருக்கிற ஊருக்கு ஏன் கொடுத்தார் என்றால், கலைப் படைப்பையே பட்ட ஆய்வாக ஏற்றுக்கொள்ளலாம் என்று 1922இலேயே முடிவெடுத்த இடம் இது. ஓவியம் வரைந்து பட்டம், கவிதை எழுதிப் பட்டம் என்பதெல்லாம் அமெரிக்காவில் இங்கிருந்து கிளம்பிய வழக்கம். ஓவியர் கிராண்ட் வுட் இங்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

வெள்ளம் வருவதற்கு முன்பே முக்கியமான படங்களை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு 'மியூரல்' போகாத ஊர் இல்லை. மிசிசிப்பிக் கரையில் டாவன்போர்ட் ஊரின் ஃபிகி அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி கலை நிறுவனம், வெனிஸ், பெர்லின், லண்டன். கெட்டியில் அதைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது: போலக் ஒரே ராத்திரியில் வரைந்து முடித்தார் என்று காலங்காலமாகச் சொன்ன கதை நிற்காது என்று தெரிந்தது. உலகம் முழுக்க அதைப் பார்த்தது. இங்கே படிக்கிற பிள்ளைகள் பார்க்கவில்லை.

நடுவில் 2011இல், அதை விற்று உதவித்தொகை நிதி வைக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவே வந்தது. அது நிறைவேறவில்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை, உண்மையாகவே. விற்றிருந்தால் பணம் வந்திருக்கும், பிள்ளைகளுக்கு உதவியும் ஆகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொடையாக வந்ததை வெள்ளத்தைச் சாக்கிட்டு விற்றால், இனி யார் நம்பிக் கொடுப்பார்கள்?

2022 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் புது அருங்காட்சியகமான ஸ்டான்லி திறந்தது, நூலகத்துக்குப் பக்கத்தில், கரையிலிருந்து தள்ளி. சுமார் 5 கோடி டாலர், ஃபீமா பணம் இல்லாமல். கீழே கார் நிறுத்தம், படங்கள் எல்லாம் மேல்மாடிகளில். பார்க்கக் கட்டணம் கிடையாது. படம் வீடு திரும்பப் பதினான்கு வருஷம் ஆனது.

மார்ச் 8, பிற்பகல்

ஆமாம், அண்ணன் கேட்டது சரி, அந்தப் பழைய அருங்காட்சியகக் கட்டடம் இடிந்து விழவில்லை. காப்பாற்றப்பட்ட சுவர்களுக்குள் வைக்க முடியாமல் போன படங்கள். இதை நினைத்தாலே இன்னும் மனசு ஆறவில்லை.

மார்ச் 11

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். நான் கலைக் கட்சி, விளையாட்டு வெறுப்பு என்று சிலர் முடிவு கட்டிவிட்டீர்கள். இல்லை. நீச்சலைப் பற்றிச் சொன்னால் புரியும்.

பட்டாம்பூச்சி நீச்சல் தெரியுமல்லவா? இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீருக்கு மேலே வீசி, காலை மீன் வால் மாதிரி அடிப்பது. அதன் பிறப்பில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு. 1930களில் டேவிட் ஆர்ம்ப்ரஸ்டர் இங்கே பயிற்சியாளர். மார்பு நீச்சலில் கையைத் தண்ணீருக்கு அடியில் முன்னே கொண்டுபோனால் வேகம் தடைப்படுகிறது, மேலே தூக்கி வீசினால் என்ன என்று பார்த்தார். ஜாக் சீக் என்ற மாணவர் இரண்டு காலையும் ஒட்டவைத்து வால் போல அடித்துக் காட்டினார். அது 1935. 1952இல்தான் உலக அமைப்பு அதைத் தனி நீச்சல் வகையாக ஏற்றது, 1956இல் ஒலிம்பிக்கில் வந்தது. இவர்கள் நீந்தியது ஃபீல்ட் ஹவுஸ் குளத்தில். 1927இல் கட்டியது.

அந்தப் பெருமை உள்ள ஊர் 2010இல் புதுக் குளம் கட்டியது. 50 மீட்டர் நீளம், குதிக்கத் தனிக் குளம், பார்வையாளர் மாடம். முழு மையத்துக்கும் சுமார் 7 கோடி டாலர். நான் முதல் வாரமே போனேன். நான் ஆற்றுக்குளியல் பழகிய திருநெல்வேலிக்காரி, குளோரின் வாசனை பிடிக்காது, ஆனாலும் அந்தத் தண்ணீரின் நீளத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

2020 ஆகஸ்டில், கோவிட் காலத்தில் ஃபுட்பால் வருமானம் போய்விடும் என்ற நிலையில், நான்கு அணிகளைக் கலைப்பதாக விளையாட்டுத் துறை அறிவித்தது. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், நீச்சலில் ஆண்கள் அணி, பெண்கள் அணி. ஃபுட்பால் அக்டோபரில் எப்படியோ தொடங்கிவிட்டது. முடிவு மாறவில்லை.

பெண் நீச்சல்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். டைட்டில் நைன் என்கிற 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டும். பெண்களுக்கு ஏற்கெனவே இடம் குறைவு, இருப்பதையும் எடுக்கிறீர்கள் என்பது அவர்கள் வழக்கு. டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல் அணி திரும்பி வந்தது. அந்த வழக்கை ஒட்டிப் பெண்கள் மல்யுத்த அணியும் தொடங்கினார்கள். ஆண்கள் நீச்சல் அணி திரும்பவில்லை. பட்டாம்பூச்சி நீச்சலை உலகத்துக்குக் கொடுத்த குளத்தின் வாரிசுக் குளத்தில், பல்கலைக்கழக ஆண்கள் அணி என்று ஒன்று இன்றைக்கு இல்லை.

கட்டடத்தை இழந்த ஓவியம் பதினான்கு வருஷம் அலைந்தது. கட்டடம் கிடைத்த ஆண்கள் நீச்சல் அணி பத்தே வருஷத்தில் கலைந்தது. தம்பி, நான் இதை எழுத ஆரம்பித்ததே இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான். கட்டடம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் மெனார்ட்ஸ் கடையில் தனியாக நின்ற பிள்ளையைப் பார்க்கவேண்டும். கட்டடம் வந்தால் போதும் என்கிறவர்கள் 2020 ஆகஸ்டில் அணியை இழந்த பையன்களைப் பார்க்கவேண்டும்.

மார்ச் 12

ஒருவர்: "அந்தக் குளம் சும்மாவா கிடக்கிறது?" இல்லவே இல்லை. பெண்கள் அணி, ஊர்ப் பிள்ளைகள், காலையில் கிழவர்கள், ராத்திரி மாணவர்கள். எந்நேரமும் ஆள். அதனால்தான் உங்கள் மகனைப் போகச் சொன்னேன்.

மார்ச் 15

ஏம்ஸ் ஊரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். "கலைக்குப் பள்ளம், விளையாட்டுக்கு மேடு என்று நீங்கள் சொல்வது உங்கள் ஊர்க் கதை. எங்கள் ஊரில் தலைகீழ்." அவள் சொல்வது முக்கியம். அவள் ஊரில் இருப்பது அயோவா ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகம். அங்கே ஸ்டீஃபன்ஸ் கச்சேரி அரங்கம் 1969இல் வந்தது, கூடைப்பந்து ஆடுகிற ஹில்டன் கொலிசியம் 1971இல், இரண்டும் ஒரே வளாகத் திட்டம், கூடவே ஃபுட்பால் ஸ்டேடியம். ஒரே கார் நிறுத்தத்தில் இறங்கி ஒரு பக்கம் சிம்பொனி, ஒரு பக்கம் கூடைப்பந்து. 1993 வெள்ளத்தில் ஹில்டனின் ஆட்டத் தளம் தண்ணீருக்குள் போனது. 2010 ஆகஸ்டில் மறுபடியும். ஹில்டன் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டியது, தண்ணீர் அங்கேதானே போகும்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் மேடும் பள்ளமும் யாரோ கலையைக் குறைவாக நினைத்து ஒதுக்கியதாகத் தெரியவில்லை. 1930களில் ஆற்றங்கரைதான் அழகான இடம். அழகான இடத்தைக் கலைக்குக் கொடுத்தார்கள். கார்வர்-ஹாக்ஐ அரங்கத்துக்கு மிஞ்சியது மேட்டில் ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் இறக்கி 1983 ஜனவரியில் திறந்தார்கள். அதனால்தான் கதவைத் திறந்ததும் மேல் வரிசைக்கு மேலே நிற்கிறோம், ஆட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகவேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்குக் கால் தயங்கும்.

ஆனால் பணம் வந்த வேகத்தில் வித்தியாசம் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மேட்டில் கட்டியவை நல்ல காலத்தில், ஆசைப்பட்டுக் கட்டியவை. கரையில் கட்டியவற்றுக்கு ஒரு பேரிடர் வரவேண்டியிருந்தது. வெள்ளம் வராமல் இருந்திருந்தால் 1936ஆம் வருஷத்து ஓவியப் பள்ளிக்கு எத்தனை காலம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்திருப்பார்களோ.

மார்ச் 16

புது ஹான்ச்சர் யாருக்கு என்ற கேள்வி. 2016 செப்டம்பரில் திறந்தது, சீசர் பெல்லியின் நிறுவனம் வரைந்தது, 1,800 இருக்கை. பழையதைவிட 700 குறைவு, மேட்டில் ஏற்றிக் கட்டியது. குறைவானதில் எனக்கு வருத்தம் இல்லை. பழைய அரங்கத்தில் பின்வரிசையிலிருந்து ஆடுகிறவர் முகம் தெரியாது.

இந்த அரங்கத்தின் குணம் வேறு. வருகிற நிகழ்ச்சிக்கு மேடை கொடுப்பதோடு நிற்காமல், புதுப் படைப்புக்குப் பணம் போட்டு உருவாக்கச் சொல்லும். ஜாஃப்ரி பாலே குழுவின் நட்கிராக்கர் என்கிற கிறிஸ்துமஸ் நாட்டிய நாடகம் 1987 டிசம்பரில் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான், சிகாகோவிலோ நியூயார்க்கிலோ இல்லை. 2016 டிசம்பரில் அதே குழு தன் புது நட்கிராக்கரையும் இங்கே கொண்டுவந்தது. அன்றைக்குப் போயிருந்தேன். பக்கத்து இருக்கை அம்மா பழையதையும் பார்த்தவர், இப்போது பேத்தியோடு வந்திருந்தார். இடைவேளை முழுக்க இரண்டையும் ஒப்பிட்டுப் பேசினார், பேத்தி ஐஸ்க்ரீம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இசைப் பள்ளிதான் ஆற்றங்கரையை விட்டே போய்விட்டது. வாக்ஸ்மன் கட்டடம், 2016, ஆறு மாடி, பர்லிங்டன்–கிளின்டன் தெரு முனையில், நடு ஊரில். கீழே பஸ் போகிறது, மேலே பிள்ளைகள் சாதகம் பண்ணுகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பயிற்சி அறையையும் தனிப் பெட்டியாகக் கட்டியிருப்பதால் பக்கத்து அறைச் சத்தம் கேட்பதில்லை. என் மகள் வயலின் கற்றுக்கொள்ள அங்கே ஒரு முதுகலை மாணவரிடம் போய்க்கொண்டிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூடின கதவுக்குள் என்ன வாசிக்கிறாள் என்று தெரியாது, வெளியே வரும்போது முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆறு தெரியாத இசைப் பள்ளியா என்று முதலில் எனக்கு மனத்தாங்கல். இப்போது அது நல்லதுக்குத்தான் என்று படுகிறது. வேதியியல் படிக்கிற பையன்கூட மதியம் சாப்பிடப் போகிற வழியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப்போகிறான், சில பேர் உள்ளேயும் வருகிறார்கள்.

மார்ச் 18

மல்யுத்தம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இந்த ஊரில் மல்யுத்தம் என்றால் டான் கேபிள். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றவர், பிறகு பயிற்சியாளராக இங்கே 15 தேசியப் பட்டங்கள். கார்வர் வாசலில் அவர் சிலை இருக்கிறது. 2024இல் திறந்த கோஷ்கி பயிற்சி மையத்திலிருந்து கார்வருக்குச் சுரங்கப்பாதை. உங்கள் மகனுக்குக் காட்டியது இதுவாகத்தான் இருக்கும்.

அதில் எனக்குச் சந்தோஷமான விஷயம், ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் அதே மையத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெண்கள் அணி முதல் முழுப் பருவமான 2023–24இலேயே தேசியப் பட்டம் வென்றது. நீச்சல்குளத்தில் தொடங்கிய வழக்கு மல்யுத்தப் பாயில் வந்து முடிந்தது. இந்த ஜனவரியில், கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற தேசிய அமைப்பான என்சிஏஏ பெண்கள் மல்யுத்தத்தைத் தன் சாம்பியன்ஷிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. முதல் போட்டி 2026இல்.

மார்ச் 23

"கூடைப்பந்துப் பெண் கெய்ட்லின் கிளார்க் வந்ததால்தானே இத்தனை பேச்சு" என்று ஒருவர். அவர் இல்லாமல் இந்த ஊரைப் பற்றி இப்போது பேச முடியாதுதான். போன மாதம் 2ஆம் தேதி கார்வரில் அவருடைய சட்டையின் 22ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்து மேலே ஏற்றினார்கள். ஆனால் கட்டடம் பற்றிப் பேசுகிற நமக்கு வேறொரு நாள் முக்கியம்: 2023 அக்டோபர் 15. பெண்கள் கூடைப்பந்தை ஃபுட்பால் ஸ்டேடியத்தில், திறந்த வெளியில் ஆடினார்கள். கின்னிக்கில் தளம் போட்டு. 55,646 பேர் வந்தார்கள். பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை யாரும் பார்க்காத கூட்டம். புதுக் கட்டடம் ஒன்றும் தேவைப்படவில்லை, 1929இல் கட்டியதைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். குளிர் காற்றில் பந்து வளையத்துக்குப் போக மறுத்தது, ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. என் மகள் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாள்.

அதே ஸ்டேடியத்துக்கு எதிரே 2017இல் குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. ஃபுட்பால் ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் 69,000 பேரும் திரும்பி, மேல்மாடி ஜன்னலில் நிற்கிற குழந்தைகளுக்குக் கை காட்டுவார்கள். இரண்டு கட்டடமும் பக்கத்தில் இருந்ததால் வந்த வழக்கம் இது. எதிரணி ஆட்டக்காரர்களும் திரும்பிக் கை காட்டுவார்கள்.

மார்ச் 24

எலிசபெத் காட்லெட் பற்றி எழுத மறந்தால் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1940இல் இங்கே சிற்பத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண். கிராண்ட் வுட்டிடம் படித்தவர், உனக்குத் தெரிந்ததைச் செய் என்று அவர் சொன்னதை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருந்தவர். வகுப்பில் இடம் கொடுத்த பல்கலைக்கழகம் விடுதியில் இடம் கொடுக்கவில்லை, கறுப்பினத்தவர் என்பதால். 2017இல் திறந்த பெரிய விடுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அந்த விடுதி கிடைத்தாலும் கிடைக்கலாம், தம்பி. கிடைத்தால் அந்தப் பெயர் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மார்ச் 26

அசோகமித்திரனை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்லாமல் இருப்பேனா. 1973இல் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்காக இங்கே வந்து தங்கியவர். ஹான்ச்சர் அப்போது திறந்து ஒரு வருஷம்தான், அவர் கண்ணுக்கு அது புதுக் கட்டடம். எழுத்தாளர்களைத் தங்கவைத்த மேஃபிளவர் கட்டடம் ஆற்றை ஒட்டி இன்னும் நிற்கிறது. 2008இல் அதற்குள்ளும் தண்ணீர் வந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களை நான் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். வெளியிலிருந்து பார்க்க வெறும் அடுக்குமாடி, ஆனால் தமிழ் படிக்கிற எவரும் ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

ஏப்ரல் 2

தம்பி, ஏப்ரலில் நீங்களே வருவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. சுற்றிக்காட்டுகிறவர்கள் காட்டுவது பகல் காட்சி. நீங்கள் வார நாளில் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு நடை போங்கள். வாக்ஸ்மனில் எத்தனை பயிற்சி அறைகளில் விளக்கு எரிகிறது பாருங்கள். ஓவியக் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி, வேலை செய்கிற பிள்ளைகளிடம் இரவு எத்தனை மணி வரை உள்ளே இருக்க முடியும் என்று கேளுங்கள். உடற்பயிற்சி மையத்தில், எந்த அணியிலும் இல்லாத பையனுக்கு நீச்சல்குளம் எந்த நேரம் கிடைக்கும் என்று கவுன்டரில் கேளுங்கள். மகன் என்ன படித்தாலும் இந்த மூன்றும் அவனுக்கு உதவும். ஸ்டான்லிக்குப் பகலில் போய்விடுங்கள், 'மியூரல்' முன்னால் பெஞ்ச் இருந்தால் உட்காருங்கள், அவசரப்படாதீர்கள்.

வளாகத்துக்குள் ஓடுகிற கேம்பஸ் பஸ் இலவசம், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். கார் எடுத்து வந்தால் ஃபுட்பால் அணியின் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் இருக்கிற நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறுத்த இடம் கிடைக்காது. காற்று இன்னும் குளிராகத்தான் இருக்கும், ஸ்வெட்டர் போட்டு வாருங்கள். வருகிற தேதியை இங்கேயே எழுதுங்கள். சாயங்காலம் என்றால் நானும் கூட வருகிறேன்.